இரலையும் ஆகாயத்தாமரையும்



கென்யா நாட்டு மலைக்காடுகளில் மலைப்போங்கோ என்னும் இரலை வாழ்கின்றது. செம்பழுப்பு மேனியில் வெண்கோடுகள். ஆண், பெண் இரண்டிற்கும் முறுக்குக் கொம்பு. ஒரு சூலுக்கு ஒரே கன்று. காட்டில் நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்பர். அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலைகளில் பிறந்த 18 போங்கோக்களை 2004இல் விமானத்தில் ஏற்றித் தாயகம் சேர்த்தனர்.

அந்நாட்டின் மேற்கெல்லையில் விக்டோரியா ஏரி. அங்கே 1989 வாக்கில் தலைகாட்டிய ஆகாயத்தாமரை, பத்தாண்டுக்குள் கிசுமு நகரை அடுத்த வளைகுடாவில் பல்லாயிரம் ஏக்கரை மூடிவிட்டது. நம் ஏரி குளங்களிலும் அதனைக் காணாதார் யார்?

ஒன்றைத் தலையெண்ணிக் காக்கின்றனர். மற்றொன்றை வாரி எறிகின்றனர். அரியது உயர்ந்தது, மலிந்தது இழிந்தது என்பது சந்தையின் அளவுகோல். அருகப்பெருமான் காட்டியது அன்று.

"இரண்டும் உயிரெனில், இரண்டையும் வதைத்தல் ஒத்த பாவமோ?" என இளைஞர் சிலர் நம்மை வினவுவதுண்டு. உயிர்ப்பொருள் என்னும் அளவில் வேறுபாடில்லை. ஆயின் ஓரறிவுடைய செடிக்குப் பிராணன் நான்கு: தொடுபுலன், உடல்வலி, மூச்சு, ஆயுள். மனமுடைய ஐயறிவுயிராகிய இரலைக்கோ பத்து. சிதைக்கப்படும் பிராணன் மிகுமிடத்து, வதைப்போன் நெஞ்சின் கடுமையும் மிகுகின்றது. எனவேதான் இயங்கும் உயிர்களைக் கருதிக் கொல்லுதல் இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கப்பட்டது. ஓரறிவுயிரிடத்து வேண்டாத வதை விலக்கப்பட்டது. நூறு எஞ்சினும் நூறாயிரம் திரியினும், ஓர் இரலையின் பிராணன் பத்தே.

காட்டிறைச்சிக்கென வைத்த கம்பிக்கண்ணி, சிக்குவது எதுவென்று பாராது. தென்னமெரிக்க நீர்ச்செடியைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டு சென்றதும் பூவின் அழகில் மயங்கிய மனிதரே. செடி என்ன பிழை செய்தது?

எனினும் அது நீரை மூடினால் காற்றும் ஒளியும் குன்றி மீன்கள் மடிகின்றன. விக்டோரியா ஏரியில் 1990களில் அச்செடியைத் தின்னும் கூன்வண்டுகளை விட்டனர். உயிரை உயிரால் ஒழிக்கும் அவ்வழியை நாம் போற்றோம்; அவ்வேரியை நம்பிய உயிர்களை எண்ணுங்கால் பழிக்கவும் துணியோம்.

நம் ஊர்க்குளத்தில் அதனை அகற்றலாமோ எனின், அகற்றலாம். அது சங்கல்ப இம்சை அன்று. இல்லறத்தார் தவிர்க்கவியலாத ஆரம்ப இம்சை. ஆனால் அதன் வேர்க்கொத்தில் நத்தையும் மீன்குஞ்சும் பூச்சியும் ஒண்டியிருக்கும். கரையேற்றுமுன் நீரிலேயே மெல்ல அலசுக. கரையேற்றிய குவியலை நீரோரமாகவே சிறிது பொழுது விட்டு வைக்க, உடனே தீயிடற்க. எஞ்சியவற்றுள் ஊர்ந்து செல்லவல்லவை குளம் திரும்பக்கூடும்.