அதிபத்தர் விட்ட மீன்

மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றினால் மீன்பிடித் திருவிழா. ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு ஊரே கரையில் நிற்கும். சாமி கும்பிட்டு, பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை யாரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. கலங்கலில் கெளுத்தி புரளுவது கண்ணுக்குத் தெரியும், இருந்தும் நிற்பார்கள். மீன் பிடிப்பதில் அறம் உண்டா என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிற்பதுதான் முதலில் தோன்றும்.

மீனைக் கொல்வதே பாவம், அதில் அறம் எங்கே என்பார்கள் சிலர். அந்தப் பக்கமும் மதுரைக்குத் தெரியும். மீன் தின்பதை விட்ட நாரை கேட்ட வரத்தால்தான் பொற்றாமரைக் குளத்தில் மீன் இல்லை என்கிறது திருவிளையாடற் புராணம். அதே புராணத்தில் சொக்கநாதர் வலைஞராக வந்து வலையும் வீசுகிறார். நான் வலை வீசிய சாமியைக் கும்பிடுகிறவன். நாரையையும் ஒதுக்க மனம் வரவில்லை.

என் கேள்விக்கு வழி காட்டியவர் நாகப்பட்டினத்துப் பரதவர், அதிபத்த நாயனார். தினமும் பிடிபட்டதில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். ஒன்றே ஒன்று அகப்பட்ட நாட்களில் அதையும் விட்டார். வீடு பட்டினி கிடந்தது. பொன்மீன் சிக்கியபோதும் விட்டார். அதைத் தானம் என்று நான் நினைக்கவில்லை. அந்த மீன் அவருடையதாக இருந்ததே இல்லை.

மீனை விடுவதற்கு இன்றைய சட்டத்திலும் இடம் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடலில் சால்மன் பிடிக்க உரிமச்சீட்டு வேண்டும். தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கும் கூர் இருக்கக்கூடாது. விடவேண்டிய மீன் வாய் கிழியாமல் கழன்றுபோக வேண்டும் என்பதற்காக. நல்ல விதி. என் முள்ளிலும் அந்தக் கூரைக் குறட்டால் நசுக்கி வைத்திருக்கிறேன். நூலைத் தொய்யவிடாமல் இழுத்தால் மீன் வந்துவிடும்.

ஆனால் விராலுக்கு இது போதாது. மழைக்குப் பிறகு கண்மாயில் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரே திரளாக மேலே வந்து, காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். தவளையைக் கோர்த்து அங்கே போட்டால் பசி இல்லாவிட்டாலும் பாய்ந்து கவ்வும், குஞ்சைக் காப்பாற்ற. அதைக் கரைக்கு இழுத்து, முள்ளைப் பதமாக எடுத்து, திரும்ப விடும் நேரத்துக்குள் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்ன ஆரம்பித்துவிடும். "செவப்பு தெரியுற எடத்துல போடாத மாப்ள" என்று தூண்டில் கற்றுக்கொடுத்த மாமா சொன்னது இதைத்தான். அங்கே சாமிக்கு விடவேண்டிய மீனைப் பிடிக்கவே கூடாது.

வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிக்க 1897ஆம் ஆண்டுச் சட்டமே தடை போட்டது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. கண்மாய்க்கு ஏலம் உண்டு, குத்தகை உண்டு. குத்தகைக்காரரைக் கேட்டுத்தான் நானும் தூண்டில் போடுகிறேன். அவர் கொடுப்பது மனிதருக்குள் செல்லும் அனுமதி, அவ்வளவே. துண்டு வீசும்வரை ஊரைக் கரையில் நிறுத்தத் தெரிந்த பெரியவர்களால் விரால் குஞ்சு மேய்க்கும் மாதங்களிலும் நிறுத்த முடியும். அடுத்த ஊர்க்கூட்டத்தில் அதைக் கேட்கப் போகிறேன்.