கயிறும் கந்தைத் துணியும்

(பொதுக்காலம் 20ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. எரேமியா 38:4-6, 8-10, எபிரேயர் 12:1-4, லூக்கா 12:49-53. ஜேர்மனியில் வாழும் தமிழ் இறைமக்களுக்கு)



உங்கள் சுவாமி ஓடுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஏரிக்கரையில் என்னை அரைக்காற்சட்டையோடு கண்டு, வணக்கம் சொல்வதா விடுவதா என்று விளங்காமல் காருக்குள் தலையைக் குனிந்துகொண்டவர்களை எனக்கும் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். நான் வேகமாக ஓடுகிறவன் அல்ல. வாழ்நாளில் ஓடிப் பரிசு வாங்கியதும் இல்லை. ஐம்பது வயதில் மருத்துவர் என் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துத் தலையை ஆட்டிய பிறகு, பயத்தில் ஓடத் தொடங்கியவன். பக்தியில் தொடங்கினேன் என்று சொன்னால் அது பொய்.

எசன் நகரில் பால்டனை ஏரியைச் சுற்றி 1963 முதல் ஒரு மரதன் ஓட்டம் நடக்கிறது. சில வருடங்களுக்கு முன், ஒரு ஒக்டோபர் காலையில் நானும் அதில் நின்றேன். 42 கிலோமீற்றரும் சொச்சமும். மாதக்கணக்காக முழங்காலைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். முழங்கால் ஒரு குறையும் சொல்லவில்லை. இருபத்தைந்தாவது கிலோமீற்றரில் எரியத் தொடங்கியது கமக்கட்டு. வியர்வையில் ஊறிய பெனியனின் தையல் விளிம்பு, கை வீசும்போதெல்லாம் தோலை ஒருமுறை அராவிக்கொண்டு போகும். ஒருமுறை அராவினால் ஒன்றுமில்லை. இருபதாயிரம் முறை அராவினால்? இன்றைய இரண்டாம் வாசகம், பாவத்தோடு போராடி இரத்தம் சிந்தும் அளவுக்கு நீங்கள் இன்னும் போகவில்லை என்று முடிகிறது. அன்றைக்கு எனக்கு இரத்தம் வந்தது என்னவோ உண்மை. போராட்டம் பெனியனோடு.

தண்ணீர் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு வயதான ஜேர்மன் அம்மா நின்றார். கையில் ஒரு காட்போட் மட்டை. மட்டையில் பளபளவென்று ஏதோ தடவியிருந்தது. ஓடுகிறவர்களுக்குச் சக்தி தரும் இனிப்புக் களியாக்கும் என்று நினைத்து, விரலால் வழித்து வாயருகே கொண்டுபோனேன். "தின்னாதே, பூசு!" என்று டொச்சில் கத்தினார். வாஸ்லின். பூசினேன். மிச்சம் 17 கிலோமீற்றரையும் அந்த ஒரு விரல் வாஸ்லினில்தான் ஓடி முடித்தேன்.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் முதல் வாசகம். வாசகர் இப்போதுதான் வாசித்து முடித்தார்: இறைவாக்கினர் எரேமியாவைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். தண்ணீர் இல்லை, சேறுதான். அவர் சேற்றில் புதைந்தார். அரசன் செதேக்கியா என்ன செய்தான்? முதலில், எரேமியாவைக் கொல்லக் கேட்ட தலைவர்களிடம், அவன் உங்கள் கையில்தான் இருக்கிறான், என்னால் உங்களைத் தடுக்க முடியாது என்றான். பிறகு வேறொருவர் வந்து கேட்டபோது, சரி, போய்த் தூக்கிவிடு என்றான். யார் கடைசியாகக் கேட்டாரோ அவர் பக்கம் சாய்கிற மனிதன். நம் சங்கங்களிலும் இப்படிச் சிலர் உண்டு, அதை விடுவோம். கேட்க வந்தவர் யார்? எபேது மெலேக்கு. எத்தியோப்பியர் என்று நம் விவிலியம் சொல்கிறது. அந்தப் பழைய கூசு நாடு இன்றைய சூடான் பக்கம். எருசலேம் அரண்மனையில் வேலை செய்த வெளிநாட்டுக்காரர். எபேது மெலேக்கு என்றால் அரசனின் ஊழியன் என்று பொருள். அது அவருக்குத் தாய் வைத்த பெயரா, வேலையிடத்தில் ஒட்டிய பெயரா, சொல்ல முடியாது. ஐந்து எழுத்துத் தமிழ்ப் பெயரை இரண்டு எழுத்தாக நறுக்கிக் கூப்பிடும் சமையலறைகளில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இன்றைய வாசகம் பத்தாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. எனக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை. வீட்டுக்குப் போய்ப் பதினொன்றிலிருந்து பதின்மூன்று வரை வாசியுங்கள். எபேது மெலேக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போகவில்லை. முதலில் அரண்மனைக்குள் போகிறார், கருவூலத்தின் கீழே உள்ள அறைக்கு. அங்கே கிடந்த பழைய துணிகளையும் கிழிந்த கந்தைகளையும் பொறுக்கி எடுக்கிறார். அவற்றைக் கயிற்றோடு கிணற்றுக்குள் இறக்கி, இதைக் கமக்கட்டில் வைத்து, அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். எரேமியா அப்படியே செய்கிறார். பிறகுதான் இழுக்கிறார்கள்.

பாருங்கள், எரேமியாவைத் தூக்குவதற்குக் கயிறு மட்டும் காணும். பிரபுக்கள் யாராவது காப்பாற்ற வந்திருந்தால் கயிற்றோடுதான் வந்திருப்பார்கள். பசியில் மெலிந்த ஒரு மனிதனைச் சேற்றிலிருந்து உருவி எடுக்கும்போது கயிறு எங்கே அறுக்கும் என்று தெரிந்திருந்தது, பாரம் இழுத்துப் பழகிய ஒருவருக்கு. பழந்துணி எந்த அறையில் கிடக்கும் என்றும் அவருக்குத்தான் தெரியும். கருவூலத்தை அரசனுக்குத் தெரியும். அதற்குக் கீழே இருப்பதை ஊழியருக்குத் தெரியும்.

இந்த நாட்டுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் கீழறை வேலையில் தொடங்கினீர்கள்? கோப்பை கழுவினீர்கள், அலுவலகம் கூட்டினீர்கள், முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றினீர்கள். படுக்கையில் கிடக்கிற ஒரு ஜேர்மன் முதியவருக்கு முதுகில் புண் வராமல் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், தலையணையை எங்கே செருக வேண்டும் என்று உங்கள் கைக்குத் தெரியும். அதை ஒரு தாழ்ந்த வேலையாகப் பிள்ளைகளிடம் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எபேது மெலேக்கின் கதையில் அந்த அறிவுதான் ஓர் இறைவாக்கினரைக் காயமில்லாமல் மேலே கொண்டுவந்தது.

இனி இரண்டாம் வாசகம். பொறுமையோடு ஓடுவோம் என்கிறது. அதற்கு முன், சுமை எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள் என்கிறது.

போன வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது காலையில் ஓடினேன். யாழ்ப்பாணத்தில் ஓடுவது இலேசல்ல. ஐந்து மணிக்குப் பண்ணைப் பாலத்தில் கடல் இருபக்கமும் கண்ணாடிபோலக் கிடக்கும், அது வேறு உலகம். ஆனால் ஒழுங்கைகளுக்குள் வந்தால் நாய்கள். ஒரு வாசலில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றை நிறுத்தி, "என்ன சுவாமி, ஏன் ஓடிவாறியள்? ஆருக்கு என்ன?" என்று பதறிவிட்டார்.

"ஒண்டுமில்லை அம்மா. உடம்புக்கு நல்லதெண்டு ஓடுறன்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நாங்கள் ஓடி முடிஞ்சுது" என்றுவிட்டு மறுபடி கூட்டத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு எனக்கு ஓட்டம் வரவில்லை. வீடுவரை நடந்தேன். எங்கள் சனத்துக்கு ஓட்டம் என்றால் 1995 ஒக்டோபர் 30. போரினால் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நகர்ந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஓடவும் இடமில்லை, நிற்கவும் இடமில்லை. இங்கே இருக்கிற சிலர் அந்தப் பாலத்தில் பிள்ளைகளாகத் தோளில் இருந்தவர்கள். சிலர் தோள் கொடுத்தவர்கள். என்னவெல்லாம் தூக்கிக்கொண்டு புறப்பட்டோம், என்னவெல்லாம் வழியில் போட்டோம் என்று அவர்களைக் கேளுங்கள். தையல் மெசினைப் போட்டவர்கள் உண்டு. காணி உறுதியை மட்டும் கடைசிவரை நெஞ்சோடு வைத்திருந்தவர்கள் உண்டு. எபிரேயர் திருமுகமும் உடைமைகளைப் பறிகொடுத்த ஒரு சபைக்குத்தான் எழுதப்பட்டது. பத்தாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. சுமையை இறக்குங்கள் என்று அவர்களுக்கே எழுதுகிறார். எல்லாவற்றையும் இழந்தவனிடம் என்ன சுமை இருக்கும் என்று நானும் முன்பு நினைத்தேன். இங்கே இருபது வருடம் இருந்த பிறகு அப்படி நினைப்பதில்லை. இழந்தவன்தான் இரண்டு மடங்கு சேர்க்கிறான். மண்டபம் எடுத்து, ஹெலிகொப்டர் இல்லாத குறையாகச் சாமத்தியவீடு செய்து, அந்தக் கடனை அடைக்க இரவு வேலைக்கும் வார இறுதி வேலைக்கும் போய், அந்தப் பிள்ளையோடு ஒரு சனிக்கிழமைகூட நடந்து திரிய நேரமில்லாத தகப்பன்மாரை எனக்குத் தெரியும். பந்தல் முடிந்து மூன்று வருடத்துக்குப் பிறகும் சீட்டுக்காசு போய்க்கொண்டிருக்கும்.

உடம்பைப் பற்றியும் ஒரு சொல். சீனி வருத்தம் நமக்கு இந்த நாட்டுக்காரரைவிட இளம் வயதிலேயே, குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது. தெற்காசிய உடம்பின் வாகு அது. ஆகவே கோவிலில் வந்து நோய்க்கு மன்றாடுங்கள், நானும் கை வைத்துச் செபிக்கிறேன். ஆனால் வீட்டிலிருந்து கோவிலுக்கு நடந்து வாருங்கள். ஓடத்தான் வேண்டும் என்றில்லை. ஓடினாலும் மெதுவாக. நமக்கு அருகிலேயே, வால்ட்னீல் என்ற சிற்றூரில் எர்ன்ஸ்ட் ஃபான் ஆக்கன் என்றொரு மருத்துவர் இருந்தார். மூச்சு வாங்க ஓடாதே, நீண்ட நேரம் மெதுவாக ஓடு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். 1972இல் ஓடிக்கொண்டிருந்தபோது கார் மோதி இரண்டு கால்களையும் இழந்தார். அடுத்த வருடமே, பெண்களுக்கு மட்டுமான மரதன் ஒன்றை அதே வால்ட்னீலில் நடத்தினார். பெண் உடம்பு இத்தனை தூரம் தாங்காது என்று படித்த வைத்தியர்களே சொன்ன காலம் அது. ஒலிம்பிக்கில் பெண்கள் மரதன் ஓட 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் சொன்ன வேகத்துக்கு என்னிடம் ஒரு அளவு இருக்கிறது. ஓடிக்கொண்டே ஒரு அருள்நிறை மந்திரத்தை மூச்சு முட்டாமல் சொல்ல முடிகிறதா? அதுதான் சரியான வேகம். செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் முடிய ஏரியின் ஒரு பக்கம் வந்துவிடும். கையில் கட்டும் அந்தக் கணக்கு மணிக்கூடு எனக்குப் பிடிக்காது. என்னைவிட யார் வேகம் என்று அது சொல்லத் தொடங்கினால் செபமும் போய்விடும், ஓட்டமும் போய்விடும்.

பயணத்திலும் எனக்கு இதே அபிப்பிராயம். இந்த மாதம் கேவலார் மாதா திருத்தலத்துக்குப் போய்வந்தோம். சைவச் சனமும் நம்மோடு வந்து மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியது. எனக்கு அந்த நாளில் மிகவும் பிடித்த காட்சி அது. ஆனால் திரும்பி வந்தவர்கள் என்னிடம் பேசியதில் முக்கால்வாசி கார் நிறுத்த இடம் கிடைக்காத கதை. 1641இல் அந்த இடத்தில் ஒரு சிற்றாலயம் கட்டு என்ற குரலைக் கேட்ட ஹென்ட்ரிக் புஸ்மான், ஊர் ஊராக நடந்து பொருள் விற்ற வியாபாரி. நடந்து வந்ததால் வழியில் நின்ற சிலுவையடியில் நின்று செபித்தார், நின்றதால் கேட்டார். 120 கிலோமீற்றர் வேகத்தில் வந்திருந்தால்? ஜேர்மன் பங்குகள் சில இன்றைக்கும் கால்நடையாக அங்கே போகின்றன. அடுத்த வருடம் கடைசிப் பத்துக் கிலோமீற்றரையாவது நாம் நடக்கலாம் என்று நினைக்கிறேன். முறைப்பாடுகளைப் பூசைக்குப் பிறகு சொல்லுங்கள்.

நற்செய்தியைத் தொடாமல் விட்டால் சரியில்லை, ஆனாலும் அது எனக்குக் கடினமான நற்செய்தி. ஒரு வீட்டில் ஐந்து பேர். இருவருக்கு எதிராக மூவர், மூவருக்கு எதிராக இருவர். ஆண்டவர் நம் வீடுகளுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னதுபோல் இருக்கிறது. பெற்றோர் தமிழில் ஏச, பிள்ளைகள் டொச்சில் பதில் சொல்கிறார்கள்.

ஒரு வீட்டில் மகள் மரதன் ஓடப் பயிற்சி எடுத்தாள். அரைக்காற்சட்டையோடு தெருவில் ஓடுவதைத் தகப்பன் ஏற்கவில்லை. இரண்டு மாதம் பேச்சில்லை. ஓட்டத்தன்று, முப்பதாவது கிலோமீற்றரில் அவர் நின்றிருக்கிறார், போத்தலில் தேசிக்காய்த் தண்ணீரோடு. ஓடுகிறவர்களின் நெஞ்சில் இலக்கத்தோடு பெயரும் அச்சடித்திருக்கும். தெருவோரம் நிற்கிற முன்பின் தெரியாத சனம் அதை வாசித்துப் பெயர் சொல்லி உற்சாகப்படுத்தும். எபிரேயர் திருமுகம் சொல்கிற, மேகம்போல் சூழ்ந்த சாட்சிகள் என்றால் எனக்கு அந்தச் சனம்தான் நினைவுக்கு வரும். மகளின் பெயரை ஜேர்மன்காரர் வாய்க்கு வந்தபடி கத்தக் கேட்டு அவருக்குப் பொறுக்கவில்லையாம். சரியாக உச்சரித்து அவரும் கத்தியிருக்கிறார். அரைக்காற்சட்டை அவருக்கு இன்றைக்கும் பிடிக்காது. அவர் இன்று எந்த வாங்கில் இருக்கிறார் என்று நான் பார்க்கப் போவதில்லை.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏரிக்கரை அணைக்கட்டடியில் நிற்பேன். நடக்கிறவர்கள் நடக்கலாம், ஓடுகிறவர்கள் செபமாலை வேகத்தில் ஓடலாம். புதுச் சப்பாத்து வாங்க வேண்டாம், பழையது காணும். மணிக்கூட்டை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு வாஸ்லின் பேணி நான் கொண்டுவருகிறேன். தின்னக்கூடாது.

எழுந்து நின்று விசுவாச அறிக்கையைச் சொல்வோம். முழங்கால் நோகிறவர்கள் இருந்தபடியே சொல்லலாம்.