எஞ்சின் மாறினால் வண்டி மாறுமோ?

ஒரு பொருளின் உள்ளுறுப்பை மாற்றிய பின்னும் அதனைப் பழைய பெயரால் அழைத்தல் தகுமா? வீண் வாதம்போல் தோன்றும் இவ்வினா, நம் வாழ்வில் நாடோறும் எழுவதேயாம். அத்தாப்புக் கூரையை நீக்கித் தகரம் வேய்ந்தால், வீடே வேறாயிற்று என்று எவரும் சொல்லார். ஆனால், கூரை புறத்தது. அகத்தே நின்று இயக்குவதையே மாற்றினால் என்ன சொல்வோம்? ஒரு மோட்டார் வண்டியின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஸ்வீடன் நாட்டு ஸாப் கம்பெனியார் 1960-ஆம் ஆண்டில் 'ஸாப் 96' என்னும் சிறு காரை வெளியிட்டனர். அக்காலத்துக் கார்கள் பலவற்றைப் பின்சக்கரங்கள் உந்தின; இதனையோ முன்சக்கரங்கள் இழுத்தன. எஞ்சினின் பாரம் அச்சக்கரங்களின்மீதே அழுந்தியமையால், வழுக்கும் பனிப்பாதையிலும் வண்டி பிடி தளராது சென்றது. அவ்வெஞ்சின் 841 கன சென்டிமீட்டர் அளவுள்ள மூன்று சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். 38 குதிரைத் திறனுடையது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றவேண்டும், புகையும் கக்கும். இவ்வெளிய வண்டியைக் கொண்டே எரிக் கார்ல்ஸன் 1962, 1963 ஆகிய ஈராண்டும் மான்ட்டி கார்லோ பந்தயத்தில் வாகை சூடினார். ஆகவே, அப்புகையையும் ஒலியையுமே வண்டியின் உயிரென்று அன்பர் சிலர் கருதியதில் வியப்பில்லை.

ஆயினும், 1967-ஆம் ஆண்டு மாடலில் கம்பெனியாரே ஜெர்மன் போர்டு கம்பெனியின் 'டவுனஸ்' காருக்குரிய எஞ்சினை வாங்கி இதிற் பொருத்தினர். அது நான்கு சிலிண்டர் போர்-ஸ்ட்ரோக் எஞ்சின். 1498 கன சென்டிமீட்டர். 65 குதிரைத் திறன். எண்ணெய் கலக்கும் தொல்லையும் அதனாலெழும் புகையும் ஒழிந்தன. அயலார் இதயத்தை ஏற்ற அவ்வண்டி அழிந்ததா? இல்லை. 1971-இல் ஸ்டிக் புளூம்க்விஸ்ட் அதனைக் கொண்டு பிரிட்டனின் ஆர்.ஏ.ஸி. பந்தயத்தை வென்றார், 1980 வரை அது உற்பத்தியாயிற்று. பனிப்பாதையில் மாந்தரைப் பத்திரமாய்க் கொண்டுசேர்த்தலே அதன் நோக்கம். நோக்கம் நின்றது, ஆதலின் வண்டியும் நின்றது.

இங்கே கருதத்தக்கது மற்றொன்றுண்டு. சைக்கிளை மிதியாதிருக்கும்போதும் சக்கரம் உருளச் செய்யும் பிரீவீல் போன்ற ஓர் அமைப்பு இக்காரிலும் இருந்தது. பெட்ரோலோடு சென்ற எண்ணெயே பழைய எஞ்சினுக்கு மசகு. இறக்கத்தில் பெட்ரோலைக் குறைத்து ஓட்டுங்கால், சக்கரங்கள் எஞ்சினை வேகமாய்ச் சுழற்றினால், மசகு போதாமல் அது தேயும். அதனைத் தடுக்கவே பிரீவீல் வைத்தனர். புதிய எஞ்சினுக்கு அத்தேவை இல்லை. காரணம் போயிற்று, வழக்கமோ 1980 வரை நின்றது! மூடத்தனமென்று உடனே நகைத்தலாகாது. கிளட்சை மிதியாமல் கியர் மாற்றவும், பெட்ரோலை மிச்சப்படுத்தவும் அது உதவிற்று. வேண்டாதவர் அதனைப் பூட்டிவைக்க ஒரு கைப்பிடியும் இருந்தது. பழையதென்பதற்காகக் காத்தலும் தவறு. பழையதென்பதற்காகவே தள்ளலும் தவறு. "இன்று உனக்கு என்ன பயன்?" என்று கேட்பதே அறிவு.

மாற்றுவோர்க்கும் ஓர் அறம் உண்டு. இத்தகைய காரில் இழுப்பதும் திரும்புவதும் அதே முன்சக்கரங்கள். அதிகப் பாரமும் வலிமையுமுள்ள எஞ்சினை ஆசையால் பொருத்தி, பிரேக்கைப் பழையபடியே விடுபவன், தன்னுயிரோடு வழிப்போக்கர் உயிரையும் பணயம் வைக்கிறான். மாற்றியதை மறைத்து விற்பவனோ வஞ்சகன்.

நண்பர்காள்! சாதி வேற்றுமையை நீக்கினால் தமிழன் தமிழனல்லனாய்ப் போவான் என அஞ்சுவோரை நாம் இன்றும் காண்கிறோம். அவர்கள் புகையை உயிரென மயங்குகின்றனர். நம் பக்கத்துக் குறையையும் மறைப்பானேன்? திருமணத்தில் புரோகிதரை விலக்கினோம். கடன்பட்டுப் பந்தலிடும் வழக்கத்தை விட்டோமா? எஞ்சினை மாற்றிப் பிரேக்கை மறந்தவர் நம்முள்ளும் பலர். துணிந்து மாற்றுவோம், மாற்றியதை ஒளியாது சொல்வோம், மாற்றத்தைத் தாங்கும் வலிமையை மற்ற உறுப்புக்களுக்கும் அளிப்போம். அங்ஙனம் செய்யின், பெயரும் நிலைக்கும்; பயணமும் தொடரும்.