குப்பைக்கு நியாய விலை உண்டா?



தெருவில் பழைய பேப்பர், பிளாஸ்டிக் என்று கூவி வருகிறவரை நிறுத்தி, கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேளாத வீடு நம் பங்கில் உண்டா? அறைவீட்டிலும் அப்படித்தான், மறைப்பானேன். இருவரும் சம்மதித்த விலையில் அநியாயம் ஏது என்பீர்கள். அதைத்தான் சற்று ஆராய வேண்டும்.

ஒரு கிலோ சேர ஏறக்குறைய 40 அல்லது 50 ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் வேண்டும். உள்ளே காற்றுதான், வண்டி நிறையும், தராசு அசையாது. நசுக்கிக் கட்டும் இயந்திரம் அவரிடம் இல்லை. ஆகையால் காயலான் கடையில் போடுகிறார். அங்கே ஈரத்துக்கும் அழுக்குக்கும் எடை கழிப்பார்கள். பிறகு தரம் பிரிக்க வேண்டும். நொறுக்கித் தண்ணீரிலிட்டால் மூடித் துண்டு மிதக்கும், பாட்டில் துண்டு மூழ்கும். பி.வி.சி. சிறிது கலந்தாலும் உருக்கும்போது சரக்குக் கெட்டுவிடும். இத்தனை கைகளுக்கும் கூலி அந்த ஒரே கிலோவிலிருந்துதான்.

அதன் விலையையோ கச்சா எண்ணெய்ச் சந்தை ஆட்டிவைக்கிறது. 2020-ல் எண்ணெய் விலை சரிந்தபோது புதுப் பிளாஸ்டிக் மலிந்தது. பழையதைக் கேட்பார் குறைந்தனர். ஆலைக்காரர் கொள்முதலைக் குறைப்பார். கடைக்காரர் விலையைக் குறைப்பார். தெருவில் நிற்பவர் யாரிடம் குறைப்பார்? நம்மிடம்தான். நாமோ பேரம் பேசுகிறோம்.

வறுமையின் நெருக்கடியால் ஒருவன் ஒப்புக்கொண்ட கூலி, ஒப்புக்கொண்டதாலேயே நீதியாகிவிடாதென்று 13-ம் சிங்கராயர் பாப்பு 1891-ல் தமது நிருபத்தில் போதித்தார். அது கூலியைப் பற்றியது, விலையைப் பற்றியதல்ல என்று வாதாடலாம். ஆனால் அன்றாடம் வாங்கி விற்பவருக்கு அந்த விலை வித்தியாசந்தானே கூலி? தராசில் கள்ளம் செய்கிறவர்களும் உண்டு. அது அவர்கள் மனசாட்சிக்கு உரிய கணக்கு, நம் கணக்கை அது தீர்க்காது.

இன்னொன்று. சிப்ஸ் உறை, ஷாம்பு உறை ஆகியவற்றில் பல படலங்கள் ஒட்டியிருப்பதால் பிரித்தெடுப்பது அரிது; ஆகவே விலையில்லை. அவற்றையும் பாட்டில்களோடு அவர் கோணியில் தள்ளிவிடுகிறோம். வீடு சுத்தமாயிற்று, பொறுக்கி எறியும் நேரம் அவருடையது.

இந்த வாரம் முதல் அறைவீட்டுப் பாட்டில்களைக் கழுவி, நசுக்கி, உறைகளைச் சேர்க்காமல் வைக்கவும், அவர் சொல்லும் விலையை வாங்கிக்கொள்ளவும் சமையற்காரரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிற்று. அந்தப் பேரக் காசுதான் அவருடைய காப்பிச் செலவென்று இத்தனை நாள் நான் அறியவில்லை. அதற்கு வேறு வழி செய்ய வேண்டியிருக்கிறது.