மழை தேய்ப்பதும் மனிதன் பெயர்ப்பதும்

மலை தானாகவே தேய்ந்து வருகிறது. அவ்வாறிருக்க, மனிதன் அதனை வெட்டுவது மட்டும் எவ்வாறு குற்றமாகும்? வகுப்பில் நில நூல் பாடம் நடத்திய நாட்களில் மாணவர் சிலர் இவ்வினாவை எழுப்பியதுண்டு. தோன்றுதல், அழிதல், நிலைத்தல் ஆகிய மூன்றும் பொருளின் இயல்பு எனத் தத்துவார்த்த சூத்திரம் வழியே கற்ற நமக்கு இவ்வினா இன்னும் கூர்மையானது. அழிவு இயல்பாயின், அழிப்பவனைப் பாவம் சேர்வது எங்ஙனம்?

முதலில் தேய்மானத்தின் தன்மையைக் காண்போம். பகல் வெப்பத்தில் பாறையின் மேற்புறம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. விரிசலில் மழைநீர் புகுகிறது. ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் மெல்லக் களிமண்ணாகிறது. குவார்ட்ஸ் மணலாக உதிர்கிறது. வறண்ட நாட்டின் வெற்றுக் கருங்கல் ஆயிரம் ஆண்டுகளில் தேய்வது மில்லிமீட்டர் கணக்கில்தான். எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் உயர்ந்த மலை இல்லை. எனினும் எங்கள் கரிசல் மண் பழம்பாறைகளின் சிதைவே. மழை அரித்த மண் கண்மாயில் வண்டலாகப் படிகிறது. கோடையில் உழவர் அதனைக் கரம்பையாக அள்ளித் தம் புன்செயில் பரப்புகின்றனர். இயற்கை ஓரிடத்தில் கரைத்ததை வேறோரிடத்தில் சேர்க்கிறது. உயிர்கள் அதற்கேற்ப இடம்பெயர்ந்து வாழக் காலமும் தருகிறது.

இச்சீமையின் குறண்டியில் முற்காலத்தில் பெரிய சமணப் பள்ளி இருந்தது. மதுரைக்கு மேற்கே உள்ள சமணர்மலைக் கல்வெட்டுகளில் அப்பள்ளியைச் சேர்ந்த அறவோர் பெயர்கள் காணப்படுகின்றன. அதே மதுரையைச் சூழ்ந்த மலைகளுள் ஒன்றே மேலூரை அடுத்த அரிட்டாபட்டி. அங்குள்ள குகைத்தளத்தில் ஏறத்தாழ 2,200 ஆண்டுத் தொன்மையுடைய தமிழ்ப் பிராமி எழுத்துகளும், அருகே அச்சணந்தி அடிகள் செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனியும் உள்ளன. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193 எக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இத்தகுதி பெற்ற முதல் இடம் அதுவே. ஆயினும் 2024 நவம்பரில், அத்தலத்தையும் உள்ளடக்கிய சுமார் 2,015 எக்டேர் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்திற்காக ஏலம் விடப்பட்ட செய்தி வெளியாயிற்று. கிராம சபைகள் எதிர்த்தன. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரியில் மேலூர் வட்டார மக்கள் திரண்டு மதுரை நோக்கி நடந்தனர். சனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். நம் முன்னோரும் அறவோர்க்குப் படுக்கை அமைக்க அக்காலத்தே மலைகளில் உளி வைத்தனர் அல்லவா? ஆம், வைத்தனர். ஆனால் எவ்வளவு என்பதைக் காண வேண்டும். ஒருவர் படுக்கும் அளவே பாறையைச் சமன் செய்தனர். குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதவாறு ஒரு காடி வெட்டினர். அக்காடி நீரை வெளியே சொட்டச் செய்து, உள்ளிருக்கும் கல்லையும் எழுத்தையும் இன்றளவும் காத்து நிற்கிறது. அவர்கள் எடுத்தது சிறிது; காத்தது பெரிது.

மழைக்கு எண்ணம் இல்லை. ஆதலின் அதற்கு வினைப்பற்றும் இல்லை. மனிதனோ அறிந்து செய்கிறான், அல்லது அறிய வேண்டியதை அறியாமல் சோர்ந்து செய்கிறான். அச்சோர்வினால் உயிர்க்கு ஊறு செய்தலையே நம் நூல்கள் இம்சை என்கின்றன. நிலத்தையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களுக்கு ஊறு செய்யாது வாழ்தல் இல்லறத்தார்க்கு முற்றும் இயலாது. வீடு வேண்டும், கிணறு வேண்டும், அம்மியும் வேண்டும். அதனாலன்றோ சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றி நிலத்தை அகழ்தலை அனர்த்த தண்டத்துள் சேர்த்து விலக்கினார்!

பயன் என்னும் சொல்லையும் எளிதில் வளைத்து விடலாம். டங்ஸ்டன் பயனற்றதென்று எவரும் கூறார். துளையிடும் கருவிகளுக்கு அது தேவை. ஆகவே பயன் உண்டா என்பதோடு நில்லாமல், எடுப்பதை மீண்டும் உண்டாக்க இயலுமா, அதனைச் சார்ந்த உயிர்களுக்குப் போக்கிடம் உண்டா எனவும் வினவுதல் வேண்டும். கண்மாய் வண்டல் அடுத்த மழையில் மீண்டும் வரும். பெயர்த்த மலை எத்தனை தலைமுறை கடந்தாலும் மீளாது.

இவ்வினா சுரங்கத்தாரை மட்டும் நோக்கியதன்று. உறுதியான பழைய கல்தளம் இருக்க, பளபளப்பை விரும்பி அதன்மேல் கிரானைட் பலகை பதிக்கும் வழக்கம் நம் இல்லங்களில் மட்டுமன்றி ஜினாலயத் திருப்பணிகளிலும் புகுந்துள்ளது. அப்பலகையும் ஏதோ ஒரு மலையின் துண்டே. கொல்லாமையைப் போற்றும் கோயிலுக்கு அது அணியாகுமா? ஒழுகும் மேல்தளத்தைச் செப்பனிடுவதும், நீர் தேங்காதவாறு வடிகால் அமைப்பதும், பழங்கல்லைக் கழுவிப் பேணுவதும் முதற்பணியாகட்டும்.

அரிட்டாபட்டித் திருமேனியின் அடியிலுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, அதனைப் பாதிரிக்குடியார் காவலில் ஒப்படைக்கிறது. காவல் பூண்டோர் ஊர் மக்களே. ஆயிரம் ஆண்டு கழித்து மதுரைக்கு நடந்தோரும் ஊர் மக்களே. நம் ஊரில் அடுத்த திருப்பணிக் கூட்டம் கூடும்போது, கல் வாங்குவதற்கு முன் நாமும் மூன்று வினாக்களை எழுப்புவோம்: தேவையா? எவ்வளவு? எம்மலையிலிருந்து?