நாகாத்தலும் நாவடக்குதலும்: பெங்களூர் நிகழ்வுகளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

சொல்லைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு யாருக்கு உரியது என்னும் வினாவிற்குத் திருக்குறள் தரும் விடை தெளிவானது. அடக்கமுடைமை, புறங்கூறாமை, பயனில சொல்லாமை ஆகிய அதிகாரங்கள் பேசுவோனையே முன்னிறுத்துகின்றன. ஆள்வோனுக்கு விதிக்கப்படுவது வேறு. கசப்பான சொல்லையும் செவியேற்றுப் பொறுக்கும் பண்பு இறைமாட்சியில் வைத்துப் பேசப்படுகிறது. இவ்விருவருக்கும் இடையில் நின்று பிறர் சொல்லை நீக்கும் மூன்றாமவன் ஒருவனை அந்நூல் கருதவில்லை. இன்று சமூக ஊடக நிறுவனம் அவ்விடத்தில் நிற்கிறது.

இதன் சிக்கலைத் தமிழர் நேரில் கண்டது 2016 செப்டம்பரில் எனலாம். காவிரி நீரைத் திறந்துவிடுமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டிருந்த வேளை அது. கன்னடத் திரைக்கலைஞர்களை எள்ளி முகநூலில் பதிவிட்டதற்காகத் தமிழ் மாணவர் ஒருவர் பெங்களூரில் தாக்கப்பட்டார். தாக்கியோர் தரப்பில் எடுக்கப்பட்ட காணொளி தமிழகமெங்கும் பரவியது. செப்டம்பர் 12ஆம் நாள் அதிகாலை சென்னையில் கன்னடருக்குரிய உணவு விடுதி ஒன்று தாக்கப்பட்டது. அன்றே பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் கொளுத்தப்பட்டன, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பும் நேர்ந்தது.

இங்குப் பதிவு, காணொளி என இரண்டு சொற்கள் உள்ளன. இவற்றுள் எதனை நீக்குவது அறம்? பதிவு எள்ளல் மட்டுமே. அது எவரையும் அடிக்கத் தூண்டவில்லை. காணொளியோ நடந்ததை நடந்தவாறே காட்டியது. எனினும் பெருந்தீங்கிற்கு வழியானது காணொளியே. தீங்கு பயவாமையே வாய்மைக்கு அளவுகோல் என்னும் வள்ளுவர் வரையறையின்படி நோக்கினால் அதனை மறைக்கலாம் என்று தோன்றும். ஆனால் அது குற்றத்தின் சான்றும் ஆகும். மறைத்தால் தாக்கப்பட்டவரின் வழக்கு வலுவிழக்கும். விட்டுவைத்தால் தொடர்பற்ற விடுதிப் பணியாளர் அடிபடுவர். தீங்கு யாருக்கு என்று கேட்காமல் அவ்வளவுகோலைப் பயன்படுத்த இயலாது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அவையறிந்து பேசுக என்னும் அறிவுரையும் இங்கு முழுமையாகப் பயன்படுவதில்லை. நண்பர்க்கெனச் சொன்ன நகைச்சொல் எந்த அவையைச் சென்றடையும் என்பதைச் சொன்னவர் அறியார்.

நீக்கவே கூடாது என்பாரும் உளர். 2012 ஆகஸ்டில் குறுஞ்செய்தி வதந்திகளுக்கு அஞ்சி வடகிழக்கு மாநிலத்தவர் பல்லாயிரவர் பெங்களூரை விட்டு வெளியேறினர். 2020 ஆகஸ்ட் 11 இரவு, முகநூல் பதிவு ஒன்றையொட்டி டி.ஜே.ஹள்ளிப் பகுதியில் மூண்ட கலவரத்தில் மூவர் இறந்தனர். இவற்றை அறிந்தோர்க்கு அக்கூற்று உடன்பாடாகாது. நீக்குதல் சில வேளை கடமையே. அது எம்முறையில் நிகழ்கிறது என்பதே ஆராயத்தக்கது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் நீக்கிய உச்சநீதிமன்றம், முடக்கும் அதிகாரம் தரும் 69ஏ பிரிவை ஏற்றது. காரணங்கள் எழுத்தில் பதியப்படுவதால் பாதிக்கப்பட்டோர் நீதிமன்றத்தை நாடலாம் என்பது அதற்குரிய நியாயங்களுள் ஒன்று. ஆனால் 2009ஆம் ஆண்டின் விதிகள் அந்நடவடிக்கைகளை மறைபொருளாக்குகின்றன. முடக்க ஆணைகளை எதிர்த்து ட்விட்டர் நிறுவனம் 2022இல் கர்நாடக உயர்நீதிமன்றத்தை அணுகியது. 2023 ஜூன் 30இல் மனு தள்ளுபடியாயிற்று. 50 இலட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதிக்கப்பட்டது. எழுதியவருக்கு அறிவிப்பு அனுப்புவது கட்டாயமன்று என்றே அத்தீர்ப்பு கொண்டது. எழுதியவர்களின் உரிமை குறித்த வழக்கில் வாதியாக நின்றது வணிக நிறுவனம், எழுதியவர்கள் அங்கில்லை.

கேளாது தண்டித்தலின் கொடுமையைத் தமிழர்க்குச் சிலப்பதிகாரத்தினும் தெளிவாகக் காட்டும் நூல் இல்லை. பாண்டியன் விசாரியாது கோவலனைக் கொல்வித்தான். ஆயினும் கண்ணகி வாயிலில் நின்றபோது அவளை உள்ளே அழைத்துக் கேட்டான். கொலை நிகழ்ந்தது அனைவரும் அறிந்ததாதலின் அவளால் வழக்குரைக்க முடிந்தது. மறைவாக முடக்கப்பட்டவர் எந்த வாயிலுக்குச் செல்வார்? விரைவு வேண்டும் என்னும் விடை போதாது. அவசர நிலையில் முதலில் முடக்கி, 48 மணி நேரத்திற்குள் குழுவின் முன் வைக்க அவ்விதிகளே இடந்தருகின்றன. விரைவிற்கு மறைவு தேவையில்லை.

பெங்களூர் அல்சூரில் 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 வரை மூடியே இருந்தது. பதினெட்டு ஆண்டு வாய்மூடல் எனினும், மூடப்பட்டிருப்பதை வழிப்போக்கரும் கண்டனர். கண்டதனாலேயே பேச்சு நடந்தது. சென்னையில் சர்வக்ஞர் சிலையும் எழுந்தது.

அரசு அலுவலர் இணைய வாயில் வழியே நீக்கம் கோரும் சகயோக் முறையை எதிர்த்த எக்ஸ் நிறுவனத்தின் மனுவையும் 2025 செப்டம்பர் 24இல் அதே உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021ஆம் ஆண்டின் விதிகளில் முரண் ஒன்றும் உண்டு. பெரிய நிறுவனம் தானாக ஒரு பதிவை நீக்கினால் பதிவிட்டவருக்குக் காரணம் அறிவித்து, மறுத்துரைக்க வாய்ப்பளிக்க வேண்டும். அரசு கூறி நீக்கினால் அக்கடமை விதிக்கப்படவில்லை.