தேரை உறங்கிய குவியல்



சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு பங்கில் உதவிக் குருவாக நான் ஓராண்டு இருந்ததை உங்களில் சிலர் அறிவீர்கள். அப்போது நடந்த ஒரு காரியம் இன்னும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. காரியம் சிறிது, அதிலிருந்து பிறந்த கேள்வி சிறிதன்று.

நவம்பர் மாதம். குருமனைத் தோட்டத்தில் உதிர்ந்த இலைகளும் வெட்டிய கிளைகளும் சுவரோரம் இடுப்பளவு குவிந்து வெகுநாளாய்க் கிடந்தன. நாம் சொக்கப்பனை கொளுத்துவதுபோல, அந்நாட்டார் நவம்பர் 5-ஆம் நாள் இரவு பெருந்தீ மூட்டிக் கொண்டாடுவார்கள். 1605-இல் பாராளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்க நடந்த சதி பிடிபட்டதன் நினைவு அது. (சதிகாரர் கத்தோலிக்கர் ஆதலால், அன்றிரவு நான் அதிகம் வாய் திறக்கவில்லை!) பிள்ளைகள் தீ வேண்டுமென்றார்கள், குவியல் தயாராயிருந்தது, நானே நெருப்பு வைத்தேன்.

மறுநாள் காலை சாம்பலைக் கிளறிய தோட்டக்காரக் கிழவர் என்னைக் கூப்பிட்டார். அடியில் மூன்று தேரைகள் வெந்து கிடந்தன. "குளிர்காலம் கழிக்க வந்து படுத்தவை, பாதர்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திராது.

நம் ஊர்த் தேரை வெயிலுக்கு ஒளியும். தண்ணீர்ப் பானையின் அடியிலும் கல்லிடுக்கிலும் ஈரம் தேடிப் பதுங்கியிருந்து, மழை விழுந்ததும் வெளியே வரும். அங்குள்ள தேரையோ குளிருக்கு ஒளிகிறது. அதன் உடலுக்குச் சொந்தச் சூடு கிடையாது, காற்று குளிர்ந்தால் உடலும் குளிரும், உறைந்தால் சாவுதான். ஆகவே அக்டோபர் வாக்கில் உறைபனி எட்டாத இடம் தேடுகிறது. மரவேர்களின் அடி, பழங்கற்சுவரின் சந்து, எலி வளை, விறகுக் கட்டைகளின் அடி, மக்கும் சருகுக் குவியல் — இவையே அதன் வீடுகள். மண் இளகியிருந்தால் பின்னங்கால்களால் தோண்டிப் பின்புறமாகவே உள்ளே இறங்கிவிடும். குளத்தின் அடியில் போய்க் கிடக்கும் என்று பலர் நினைப்பதுண்டு. தவளைகளில் சில அப்படிச் செய்யும், தேரை பெரும்பாலும் நிலத்திலேயே தங்கும். உணவில்லை; இதயம் மெல்லத் துடிக்கும்; தோலின் வழியாகவும் சுவாசம் நடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் குளிர் தணிந்து மழை தூறும் இரவுகளில் எழுந்து, முட்டையிடக் குளத்தை நோக்கி நடக்கும். வழியில் மோட்டார் வண்டிகளில் அரைபடாதபடி, வாளிகளில் ஏந்திச் சாலை கடத்திவிடும் நல்ல மனிதர்களும் அந்நாட்டில் உண்டு.

நிற்க. நான் செய்தது குற்றமா?

அறியாமல் செய்தது பாவமாகாது என்று ஞானோபதேசம் படித்த சிறுவனும் சொல்லிவிடுவான். ஆனால் குருமடத்தில் எங்களுக்கு இன்னொரு பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள். அறியாமை இருவகை: நீக்க முடியாதது ஒன்று, நீக்கக்கூடியது மற்றொன்று. என்னுடையது எது? தோட்டக்காரர் பக்கத்து அறையில் இருந்தார். ஒரு கேள்வி போதும். ஒரு கம்பால் குவியலைப் புரட்டியிருந்தாலும் போதும். நான் கேட்கவில்லை, ஏனெனில் என் கண்ணுக்கு அது குப்பை. ஒன்றைக் குப்பை என்று முடிவு கட்டிவிட்டால், அதற்குள் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியே எழுவதில்லை அல்லவா?

'தேரைதானே, சுவாமி!' என்பீர்கள். மிருகங்கள் மனிதனுக்குச் சமமல்ல என்பதில் அர்ச். தோமாஸ் அக்வினாஸ் உறுதியாயிருந்தார். ஆனால் மிருகத்தின் மேல் இரங்கிப் பழகியவன் மனிதன் மேலும் இரங்குவான் என்று எழுதியவரும் அவரே. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், மிருகங்களைத் தேவையின்றி வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு ஒவ்வாது என்கிறது.

இங்கே வேறொரு தேரைக் கதையும் நினைவுக்கு வருகிறது. கல்லுக்குள் தேரை உயிரோடிருக்கும் என்று நாம் சொல்வதுபோல் ஐரோப்பியரும் நம்பி வந்தார்கள். அதைச் சோதிக்க ஆக்ஸ்போர்டில் வில்லியம் பக்லாந்து என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1825-இல் 24 தேரைகளை எடைபோட்டு, இருவகைக் கற்களில் குடைந்த குழிகளில் அடைத்து, கண்ணாடியால் மூடித் தம் தோட்டத்தில் புதைத்தார். ஓராண்டு கழித்துத் தோண்டியபோது, மணற்கல்லில் இருந்தவை எல்லாம் செத்திருந்தன; துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் பெரியவை சில உயிரோடிருந்தன. அவற்றை மறுபடியும் புதைத்தார். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவர் அறிந்து கொன்றார்; நான் அறியாமல் கொன்றேன். யார் குற்றம் பெரிது? அவர் ஒரு பொய்யை ஒழித்தார், அதற்கு ஓரளவு நியாயம் உண்டு. முதலாண்டோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஓராண்டு தாக்குப்பிடித்த பிராணியை மறுபடி புதைக்க எனக்குக் கை வராது. ஆயினும் அவர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தார். நான் பார்க்கவேயில்லை. பாவசங்கீர்த்தனத்தில் நான் இதைச் சொல்லவில்லை, பாவமென்றும் சொல்லமாட்டேன். குற்றமற்றவன் என்று சொல்லவும் வாய் எழவில்லை.

நம் கோயில் வளவில் சருகும் தென்னமட்டையும் கொளுத்துமுன், கோயிற்பிள்ளையைக் கம்பால் கிளறச் சொல்கிறேன். 'சுவாமிக்கு வேறு வேலை இல்லை' என்று அவர் சிரிப்பது எனக்குத் தெரியும். சென்ற வாரம் மட்டைக்கு அடியிலிருந்து ஒன்று மெல்ல நகர்ந்து வந்து, அவர் காலருகே நின்றது. அவர் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு, அது கிணற்றடி ஈரத்துக்குப் போய்ச் சேரும்வரை காத்து நின்றார்.